மூளை என்னும் மூலதனம்

 

கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நாளில் கல்வியின் சிறப்பைப் பேசுவது எளிது. அச்சிறப்பை அறியாதவர் இம்மன்றத்தில் எவருமிலர். ஆதலின், கற்ற கல்வி எங்குச் சென்று தங்குகிறதோ அந்த மூளையைப் பேணிக்காப்பது குறித்துச் சில கருத்துகளைக் கூற விழைகிறேன்.

நம் முன்னோர்க்குச் சொந்த நிலம் இல்லை. இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதியும் அடங்கியிருந்த அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர், நம் மக்களின் துயர நிலையை 1891இல் அரசுக்கு எழுதியனுப்பினார். அதன் பயனாக 1892இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது அதுவே. பிற வகுப்பினர்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை இருந்தும், அந்நிலங்களுள் பல கைமாறிப்போன வரலாற்றை நீங்கள் அறிவீர்கள்.

நம்மில் பெரும்பாலோர்க்கு இன்று எஞ்சியிருக்கும் மூலதனம் மூளை ஒன்றே. அதற்குப் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. அதனை வேறொருவர் பெயருக்கு எவராலும் மாற்றி எழுத இயலாது. ஆயினும் காவலில்லாத நிலம் போலவே, பேணாத மூளையும் சிறிது சிறிதாக நம் கையைவிட்டுப் போகும். இதனைத்தான் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூளையின் எடை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. உடல் செலவிடும் ஆற்றலிலோ 20 விழுக்காடு அளவை அது பெறுகிறது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று நம் தாய்மார்கள் கூறுவது வெறும் வழக்குச்சொல் அன்று. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவும், காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவும், 1982இல் வந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் வயிற்றுக்கு இட்ட சோறு மட்டுமல்ல, மூளைக்கு இட்ட உரமும் ஆகும். பிள்ளைகளைக் காலையில் வெறும் தேநீரோடு பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று பெற்றோரை வேண்டுகிறேன்.

மூளைக்குப் பசியைப் போலவே பகையானது அச்சம். நம் சமுதாயத்தின் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், கோவையில் பயின்ற நாட்களைத் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். பிற மாணவர்கள் தம் சாதியை அறிந்தால் இழிவாக நடத்துவார்களே என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே அமர்ந்து படித்திருப்பாராம். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்காதபடி வீட்டுக்கு விரைந்து நடப்பாராம். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத கொடுமையை நினைந்து மனங்கலங்கினாராம். அந்தச் சிறுவரே பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நமக்காக வாதாடினார்.

அவர் வென்றார் என்பதால் அந்த வேதனை சிறிது என்று கருதலாகாது. நாள்தோறும் தொடரும் அச்சமும் அவமானமும் உறக்கத்தைக் கெடுக்கும், நினைவாற்றலைக் குலைக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்று மருத்துவ அறிவியல் இன்று கூறுகிறது. கல்லூரியிலோ தொழிற்சாலையிலோ இழிசொல் கேட்டுத் திரும்பும் இளைஞன் அதனைத் தனியே விழுங்கிக்கொண்டு படுக்கச் செல்லலாகாது. சட்டத்தின் வழியே போராடுவது ஒரு கடமை. மனம் விட்டுப் பேச ஒரு துணை தேடுவது மற்றொரு கடமை. இக்கழகம் அத்துணையாக விளங்க வேண்டும்.

மற்றொரு செய்தி கேளுங்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 14 காரணங்களைக் களைந்தால், உலகில் மறதி நோயாளிகளில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர்க்கு அந்நோய் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அதன் முடிவு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மிகுந்த குடி, தலைக்காயம், காது கேளாமை, தனிமை ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. அவற்றோடு இளமையில் கல்வி குறைவதும் ஒரு காரணமாக இடம்பெற்றிருக்கிறது! கற்ற மூளை தனக்கென ஒரு சேமிப்பை உண்டாக்கிக்கொள்கிறது. முதுமையில் நோய் தாக்கும்போது அச்சேமிப்பு தாங்கி நிற்கிறது. நமக்குக் கல்வியை மறுத்தவர்கள் வேலையை மட்டும் மறுக்கவில்லை, முதுமையின் தெளிவையும் சேர்த்தே மறுத்தார்கள். இக்கழகம் 25 ஆண்டுகளாக ஆற்றிவரும் பணியின் பெருமை இதனால் விளங்கும்.

சேர்த்த செல்வத்தைக் காக்கும் வழிகள் சில கூறுகிறேன்.

முதலாவது உறக்கம். விடியற்காலை மின்தொடர் வண்டியில் ஏறி அம்பத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள், நள்ளிரவு வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கின்றனர். பகலில் படித்ததை மூளை நினைவில் பதிப்பது உறக்கத்தில்தான். பெரியவர்க்கு நாளொன்றுக்கு 7 மணி நேர உறக்கமேனும் வேண்டும். தேர்வு எழுதுவோர்க்கும் இதுவே விதி.

இரண்டாவது இரத்த அழுத்தம். அது ஓசையின்றி ஏறிப் பக்கவாதத்தில் கொண்டுவிடும். முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ அந்நொடியே 108ஐ அழையுங்கள். இரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டியது. மந்திரிப்பதிலும் எண்ணெய் தேய்ப்பதிலும் அந்நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூன்றாவது குடி. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நஞ்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களுள் பெரும்பாலோர் நம் மக்கள். அதிலிருந்த மெத்தனால் கண் நரம்பையும் மூளையையும் அழிக்கும் நஞ்சு. கடையில் விற்கும் மதுவோ நாள் கணக்கில் செய்யும் அதே வேலையை ஆண்டுக் கணக்கில் செய்கிறது. உடல் வலிக்குக் குடிக்கிறேன் என்பவர், வலியைத் தீர்க்காமல் தம் பிள்ளைகளின் தலைமேல் ஏற்றுகிறார்.

நான்காவது தலைக்கவசம். நெடுஞ்சாலையில் செல்ல மட்டுமன்று, தெருமுனைக் கடைக்குச் செல்லவும் அது வேண்டும்.

ஐந்தாவது மனநோய் குறித்த வெட்கம். ‘கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டியவன்’ என்று ஏளனம் செய்யும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு. 1794இல் தொடக்கம் பெற்ற அம்மருத்துவமனையை 1961 முதல் நடத்திய டாக்டர் சாரதா மேனன், நோயாளிகள் வீட்டிலிருந்தே வந்து மருந்து பெற்றுச் செல்ல வழிவகுத்தார். சர்க்கரை நோய்க்கு மருந்துண்ண வெட்கமில்லை எனில், மனச்சோர்வுக்கு மருந்துண்ண ஏன் வெட்கம்? வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றுமாயின், 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அவ்வெண்ணை இன்றே எழுதி வையுங்கள்.

கழகத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். இரவுப் பாடசாலை 9 மணிக்கு முடிந்து, பிள்ளைகள் உறங்கச் செல்லட்டும். மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செவிலியர் ஒருவரை அழைத்து 30 வயதைக் கடந்த அனைவர்க்கும் இரத்த அழுத்தம் பார்க்கட்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, மனம் இருந்தால் போதும்.

இன்று மேடையேறிப் பரிசு பெற்ற பிள்ளைகள், இக்கழகத்தின் பொன்விழாவில் பெற்றோராக இங்கு அமர்ந்திருப்பார்கள். அன்று தெளிந்த நினைவோடும் நிமிர்ந்த தலையோடும் அவர்கள் விளங்க வேண்டும் என வாழ்த்துகிறேன்.