ஐம்பது லட்சமும் எழுபது லட்சமும்

(கலசப்பாக்கத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நார்வே மொழியையும் சந்தாலி மொழியையும் ஒப்பிட்டுப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு தோழர் கேட்டார்: "அது ரெண்டுக்கும் கலசப்பாக்கத்துக்கும் என்ன தோழர் சம்பந்தம்?" நியாயமான கேள்வி. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு கணக்கு.

நார்வே மொழி பேசுகிறவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். சந்தாலியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மட்டும் 73 லட்சத்துக்கும் மேல். வங்கதேசத்திலும் நேபாளத்திலும் இருப்பவர்கள் தனி. ஆனால் 50 லட்சம் பேரின் மொழிக்கு நாடாளுமன்றமும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. 73 லட்சம் பேரின் மொழியை நம்மில் பலர் 'ஏதோ மலைவாசி பாஷை' என்று நினைக்கிறோம். ஏன்?

இலக்கணக் குறையா? பார்ப்போம். தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். சந்தாலியில் இது நான்கு. நீயும் நானும் மட்டும் என்றால் ஒரு சொல். நானும் வேறொருவரும், நீ இல்லை என்றால் இன்னொரு சொல். பலர் என்றால் மறுபடி உன்னைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. நார்வே மொழியில் இத்தனைக்கும் 'வி' என்ற ஒரே சொல்தான். இதனால் நார்வே மொழி தாழ்ந்ததாகிவிடாது. மொழியின் அந்தஸ்தை இலக்கணம் முடிவு செய்வதில்லை என்பதுதான் செய்தி.

நார்வே சுமார் 400 ஆண்டுகள் டென்மார்க்கின் பிடியில் இருந்தது. 1814இல் அது விடுபட்டபோது எழுத்துமொழி டேனிஷ்தான். படித்தவர்கள் டேனிஷ் கலந்து பேசினார்கள். விவசாயிகளின் பேச்சு நாட்டுப்புறத்தான் பேச்சு. ஈவர் ஓசன் என்ற சிறு விவசாயியின் மகன் 1840களில் கிராமம் கிராமமாக நடந்து அந்தப் பேச்சைச் சேகரித்தார். 1848இல் இலக்கணம், 1850இல் அகராதி. 1885இல் நாடாளுமன்றம் அதற்குச் சம உரிமை கொடுத்தது. நீநோஷ்க் என்று இன்று அழைக்கப்படும் அந்த வடிவத்தை நார்வேயிலேயே சிறுபான்மையினர்தான் எழுதுகிறார்கள். அதில் எழுதும் யூன் ஃபோசேவுக்குத்தான் 2023இல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது.

இனி சந்தாலிக்கு வருவோம். இது ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்து மொழி. இந்திகூட நார்வே மொழிக்குத் தூரத்து உறவு. பக்கத்திலேயே இருக்கும் சந்தாலிக்கு உறவே இல்லை. வியப்பு என்னவென்றால், இந்த மொழியை நூலாக்கியவர்களில் முக்கியமானவர்கள் நார்வேக்காரர்கள். ஸ்க்ரெஃப்ஸ்ரூட் என்ற பாதிரியார் 1873இல் சந்தாலி இலக்கணம் வெளியிட்டார். அவருக்குப் பின்வந்த பாடிங் ஐந்து தொகுதி அகராதி செய்தார். 1929 முதல் 1936 வரை அது வெளிவந்தது ஓஸ்லோவில்.

அவர்கள் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் பாடிங்குக்குக் கதைகளைத் திரட்டி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் சக்ராம் முர்மு என்ற சந்தால். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பக்கத்தில் ஆரணிக்குப் போய்ப் பாருங்கள். பட்டுப்புடவை வைத்த அட்டைப் பெட்டியில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பாவு ஓட்டி, தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. அறிவு உற்பத்தியிலும் அதே கதைதான்.

சந்தால்கள் காத்திருக்கவில்லை. 1925இல் மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு 'ஓல் சிக்கி' எழுத்தை உருவாக்கினார். அதுவரை வங்காளத்தில் வங்க எழுத்து, ஒடிசாவில் ஒடியா எழுத்து, பீகாரில் தேவநாகரி, மிஷன் நூல்களில் ரோமன் எழுத்து என்று ஒரே மக்கள் சிதறிக் கிடந்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாத நிலை. அதை உடைக்கத்தான் தனி எழுத்து.

இந்திய அரசு என்ன செய்தது? 1950இல் எட்டாவது அட்டவணையில் 14 மொழிகள் இடம்பெற்றன. சமஸ்கிருதம் முதல் நாளே உள்ளே. 2011 கணக்கில்கூட அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 25 ஆயிரத்துக்கும் குறைவு. சந்தாலி உள்ளே வர 2003 வரை, 53 ஆண்டுகள் ஆயின. ஒரு கோடிப் பேருக்கு மேல் பேசும் பீலியும், 29 லட்சம் பேர் பேசும் கோண்டியும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. மொழிகளுக்கும் வர்ணம் உண்டு, தோழர்களே. யார் வாயில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது தீர்மானிக்கப்படுகிறது.

ஆனால் நார்வேயைக் கொண்டாடிவிட்டுப் போகவும் முடியாது. டேனிஷுக்கு எதிராகத் தன் மொழிக்குப் போராடிய அதே நாடு, வடக்கே வாழும் சாமி பழங்குடிகளின் மொழியைப் பள்ளிகளிலிருந்து துரத்தியது. 1898இல் அதற்கு அரசு ஆணையே போட்டார்கள். சாமி மக்களுக்குத் தனி நாடாளுமன்றம் 1989இல்தான் வந்தது. ஒடுக்கப்பட்ட மொழிக்காரன் அதிகாரத்துக்கு வந்ததும் அடுத்தவன் மொழியை மிதிக்கிறான். இதுதான் நமக்கான எச்சரிக்கை.

இப்போது கலசப்பாக்கம். நான் பள்ளியில் "வந்துகினு இருந்தேன் சார்" என்றதற்கு வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். அதே சொல்லை ஊர்த்தெருப் பையன் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஊரில் பேசினால் வட்டார வழக்கு, சேரியில் பேசினால் கொச்சை. மேலே ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவதும் தமிழ்தான். அந்தப் பிள்ளைகள் கீழே விடுதிக்குப் படிக்க வரும்போது நாம் சிரிக்கிறோமா இல்லையா? இந்தித் திணிப்பை எதிர்த்து நாம் எழுப்புகிற முழக்கத்தின் 'நாம்' யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே விடுகிறது? சந்தாலி இலக்கணம் நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

ஒரே ஒரு வேலை சொல்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் நான்கு தோழர்கள் சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் மலைக்கும் போய், அங்கே புழங்கும் சொற்களைக் கேட்டு எழுதுவோம். திருத்தாமல் எழுதுவோம். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும், அவர்கள் சம்மதித்தால், அதைச் சொன்னவர் பெயரையும் எழுதுவோம். தொகுப்பை முதலில் அவர்களிடமே கொடுப்போம்.

ஓஸ்லோவிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. ஜவ்வாது மலை இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது.