அண்டை வீட்டுப் பாட்டு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நாம், ஆண்டுக்கொரு முறை இம்மண்டபத்திற் கூடித் தமிழிசை கேட்டு மனங்குளிர்கிறோம். நன்று. ஆயின், ஆண்டின் மற்றை நாள்களில் அண்டை வீட்டிலிருந்து எழும் பாட்டுக்கு நாம் செவிகொடுக்கிறோமா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது ஒரு துருக்கியரின் வரலாறு. அமெரிக்காவிற் குடியேறி, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த அஹ்மத் எர்டெகுன் என்பாரே அவர்.

அவர் 1923இல் இஸ்தான்புல்லிற் பிறந்தார். தந்தையார் முனீர் எர்டெகுன் துருக்கி நாட்டுத் தூதர். 1930களில் அக்குடும்பம் வாஷிங்டன் நகர் சேர்ந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் அமர்ந்து உண்ண இயலாத காலம் அது. அஹ்மதும் தமையனார் நெசுஹியும் கறுப்பர் வாழும் வீதிகளுக்குச் சென்று பழைய இசைத்தட்டுகளைத் தேடித்தேடி வாங்கினர். ஜாஸ் இசைவாணர்களைத் தூதரக இல்லத்திற்கே அழைத்து விருந்தளித்தனர். கறுப்பர் முன்வாயில் வழியே நுழைவது தகாதென்று ஒரு செனட்டர் குறைகூறி எழுதினாராம். நண்பர்கள் எம் வீட்டிற்கு முன்வாயில் வழியேதான் வருவர். தாங்கள் வருவதாயின் பின்வாயிலில் ஏற்பாடு செய்கிறோம் என்று தூதர் விடை எழுதினாராம். அக்குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி இது.

1944இல் தந்தையார் மறைந்தார். குடும்பத்தார் தாயகம் திரும்பினர். உடன்பிறந்தார் இருவரும் அமெரிக்காவிலேயே தங்கினர். 1947இல், குடும்பப் பல் மருத்துவர் ஒருவர் முதலீடாகத் தந்த 10,000 டாலரைக் கொண்டு, ஹெர்ப் ஆப்ராம்சன் என்னும் நண்பருடன் நியூயார்க்கில் நிறுவனம் தொடங்கினார் அஹ்மத். அவருக்கு அப்போது வயது 24. தனியே ஒலிப்பதிவுக் கூடம் அமைக்கப் பணமில்லை. பகலில் அலுவலகமாக இருந்த அறையில், மாலையானதும் மேசைகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தனர். அவரே பாட்டும் இயற்றினார். எர்டெகுன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கி, ‘நுகெட்ரே’ என்று கையொப்பமிட்டார்.

ரூத் பிரவுன் என்னும் இளம்பாடகி விபத்தில் அடிபட்டு மருத்துவமனையிற் கிடந்தபோதே, 1949இல், அவரோடு ஒப்பந்தம் செய்தனர். மருத்துவச் செலவையும் நிறுவனமே ஏற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய இசைத்தட்டுகள் பெற்ற விற்பனையைக் கண்டோர், அட்லாண்டிக்கை ‘ரூத் கட்டிய வீடு’ என்றே அழைத்தனர். 1952இல் கண்பார்வையற்ற கலைஞர் ரே சார்ல்ஸ் வந்து சேர்ந்தார். பிறர் செவிசாய்க்காத வீதியில் செவிசாய்த்தமையே அஹ்மதின் மூலதனம்.

இத்துடன் நிறுத்தினால் இது வெறும் புகழுரையாகிவிடும். அந்நாளைய இசைத்தட்டுத் தொழிலில், ஒலிப்பதிவுச் செலவுகளைப் பாடுவோர்க்குரிய பங்கிலிருந்தே கழிப்பது வழக்கம். தட்டு விற்றுக்கொண்டேயிருக்கும், ஏட்டில் பாடுவோர் கடனாளியாகவே நிற்பர். 1960களின் தொடக்கத்தில் நிறுவனத்தை விட்டு நீங்கிய ரூத் பிரவுன், பிள்ளைகளைக் காப்பாற்ற வீட்டுவேலை செய்தார். பள்ளிப் பேருந்து ஓட்டினார். வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு பல்லாண்டு வாதாடினார். இறுதியில் 1988இல் பழைய கடன்கள் தள்ளுபடியாகி, அவர்க்கும் அவரொத்த கலைஞர்க்கும் உரிய பங்கு கிடைக்க வழி பிறந்தது. முதிய கலைஞர்க்கு உதவும் அறநிலையம் ஒன்றுக்கும் நிறுவனம் பொருளளித்தது. நீதி வந்தது, ஆயின் இளமை கழிந்தபின் வந்தது.

2006 நவம்பர் 17இல் ரூத் பிரவுன் மறைந்தார். ஒரு திங்கள் முடியுமுன், டிசம்பர் 14இல், அஹ்மதும் மறைந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 83 வயதில், இசைநிகழ்ச்சி ஒன்றைக் கேட்கச் சென்ற இடத்தில் தவறி விழுந்ததே காரணம். பிறந்த இஸ்தான்புல் மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

அன்பர்களே! இவ்வரலாற்றைப் படித்தபோது நமக்கு நம் சங்கமே நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு விழாவில், பக்கவாத்தியம் வாசிக்க வேண்டியவர் வர இயலாமற்போக, அடுத்த வீதியிலிருந்து டோலக் வாசிப்பவர் ஒருவரை அழைத்து வந்தோம். நம் மொழி அறியாத அப்பெரியவர், நம் பிள்ளைகளின் பாட்டுக்கு ஒரு தாளமும் பிசகாது வாசித்தார். கைதட்டி மகிழ்ந்தோம். பின்னர் வெளிவந்த நிகழ்ச்சிக் குறிப்பிலோ அவர் பெயர் இல்லை. அவர்க்குரிய சன்மானமும் இரண்டு திங்கள் கழித்தே சென்றது. அப்போதும் அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே நம்மை மிகவும் நாணச் செய்தது.

அயலார் மண்ணில் வாழும் நமக்கு, நம் பெயரைப் பிறர் பிழையாக எழுதினால் எத்துணை வலிக்கும் என்று தெரியும். தெரிந்த நாமே பிறர் பெயரை மறக்கலாமா? இன்றைய நிகழ்ச்சிக்கும் அப்பெரியவர் வந்திருக்கிறார், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பொருளாளர் அவர்கள் சன்மான உறையை இம்மேடையிலேயே அவர் கையில் அளிப்பார்கள். அவர் பெயரை எவ்வாறு எழுதுவது என்று அவரிடமே கேட்டு, நிகழ்ச்சிக் குறிப்பிற் சேர்க்குமாறு செயலாளரை வேண்டி அமைகிறோம்.