பொட்டு கறுப்பாக விழுந்த காலம்

வீட்டில் தாத்தா பாட்டி காலத்துக் கல்யாணப் படம் இருந்தால், பாட்டியின் நெற்றியைப் பாருங்கள். சில படங்களில் பொட்டு மையால் வைத்ததுபோலக் கறுத்திருக்கும். வைத்தது என்னவோ சிவப்புக் குங்குமம்தான்.

அந்தக் காலத்து 'ஆர்த்தோ பிளேட்' என்ற போட்டோ தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் டார்க் ரூமில் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டே அதைக் கழுவ முடிந்தது. பிறகு வந்த பான்குரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பும் தெரிந்தது. பொட்டு சாம்பலுக்கு வெளுத்தது. போட்டோகிராபர் கும்மிருட்டில் தடவித் தடவி வேலை பார்க்க வேண்டியதாயிற்று!

அம்பத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் உரிமை உண்டு. 1960இல் தொடங்கி, 1967இலிருந்து ஊட்டியில் பிலிம் தயாரித்த அரசு நிறுவனம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். அதன் ஒரு பிரிவு அம்பத்தூரில் இருந்தது. பிலிமின் பெயர் 'இந்து'. இந்து என்றால் நிலா; கறுப்பு வெள்ளைக்கு வேறு நல்ல பெயர் ஏது?

இப்போது கையில் இருப்பது டிஜிட்டல் கேமரா. அது பெரும்பாலும் வண்ணத்தில்தான் எடுக்கும். நிறத்தை ஒரேயடியாக வடித்துவிட்டால் சிவப்புப் பொட்டும் பச்சைப் புடவையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடலாம். பிலிம் மாதிரி வேண்டுமென்றால், எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும், எது கறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும்.

இதைப் பேசுபவர் அதைக் கற்றது பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தில். வானம் கறுத்து மிரட்டட்டும் என்று சிவப்பு ஃபில்டரின் விளைவை எல்லாப் படத்துக்கும் போட்டுவிட்டார். நீல வானம் கறுத்தது, உண்மைதான். சிவப்பு வெளுத்ததில் பொட்டுகளும் தோலோடு கலந்து மறைந்தன. ஆல்பத்தைப் புரட்டிய பெரியம்மா கேட்டார்: "ஏம்ப்பா, சுமங்கலி நெத்தியில பொட்டக் காணோமே?"

ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்தினார். சிவப்பைக் கீழே இழுத்ததும் பொட்டு திரும்பியது. கூடவே உதடும் கறுத்தது. முகத்தின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சில் இருக்கிறது; அதைச் சற்றே மேலே ஏற்றினால் முகம் தெளிந்துவிடும். மணப்பெண்ணின் உதட்டுச்சாயம் மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது.

இந்த வேலையைக் கேமராவுக்குள்ளேயே வைத்தவர்களும் உண்டு. ஃபியூஜிஃபிலிம் 2016இல் எக்ஸ்-ப்ரோ 2 கேமராவில் தன் 'அக்ரோஸ்' பிலிமின் சாயலைக் கொடுத்தது. மஞ்சள், சிவப்பு, பச்சை ஃபில்டர் வகைகளோடு. வேடிக்கை என்னவென்றால், அசல் அக்ரோஸ் பிலிம் 2018இல் நின்றேபோனது. சாயல் மட்டும் தொடர, அடுத்த ஆண்டு 'அக்ரோஸ் 2' என்று பிலிமும் திரும்பி வந்தது.

நேரம் நெருங்குகிறது, பிலிமில் பொடிமணலாகத் தெரியும் கிரெயினைப் பற்றி இரண்டே வார்த்தை. கிரெயின் அதிகம் தெரிவது நடுச் சாம்பலில். வெள்ளை வேட்டி மேலெல்லாம் மணலைக் கொட்டினால் பிலிம் ஆகிவிடாது. பிலிமில் வெளிச்சம் மெல்ல மெல்ல வெளுக்கும். டிஜிட்டலில் சட்டென்று வெட்டுப்பட்டுவிடும். ஆகவே வேட்டியின் மடிப்பு தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்தே எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குங்குமம் வைத்த ஒருவரை மரநிழலில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். சிவப்பை மட்டும் ஏற்றி இறக்கி, பாட்டி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பொட்டும் ஒத்துப்போகும் என்று நம்பலாம்.