பெயிண்ட் அப்புறம், முன் அச்சு முதலில்



1948-ல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனம் எண்ணூரில் தயாரித்த பழைய காமெட் லாரி ஒன்றை நண்பர்கள் சேர்ந்து புதுப்பித்தோம். பார்த்தவர்கள் எல்லாம் "பெயிண்ட் எப்ப?" என்றே கேட்டார்கள். எங்கள் கவலை முன் அச்சு.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தோம், ஆடியது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அசைத்தபோதும் ஆட்டம் நிற்கவில்லை. அப்படியானால் பேரிங் மட்டும் காரணமல்ல; கிங் பின்னே தேய்ந்திருக்கிறது. புதுப் பின், புது புஷ் வாங்கி, பின்னுக்குத் தக்கபடி புஷ்ஷில் ரீமர் போட்டோம்.

அடுத்து ஸ்பிரிங். ஒரு பட்டையில் விரிசல். "வெல்டு வச்சிடலாம் சார், வெளியே தெரியாது" என்றார்கள் பட்டறையில். தெரியாதுதான். ஆனால் பதம் போட்ட உருக்கில் வெல்டிங் வைத்தால் அதன் ஓரத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது ஒடியும். பட்டையையே மாற்றினோம். லேசாக வளைந்திருந்த அச்சையும் சூடு காட்டாமலே பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தினோம். யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி முறுக்கினோம்.

மாணவத் தம்பி தங்கைகளே, வெப்பப் பதப்படுத்தல் பாடத்தை மார்க்குக்காக மட்டும் படிக்காதீர்கள். முன் அச்சு போனால் ஸ்டியரிங் போச்சு. எதிரே சைக்கிளில் வருகிறவர் உயிர் நம் வேலையில்தான் இருக்கிறது.