குண்டை வெடித்தோர் கேட்கும் அத்தாட்சி



அணுகுண்டு என்றதும் நம் நினைவு ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்குமே செல்கின்றது. யுத்தம் ஓய்ந்த பின்னர், பகைவர் எவருமில்லாத இடங்களில், சொந்தப் படைவீரரையும் ஆளப்பட்ட மக்களையும் அருகில் வைத்துக்கொண்டு வெடித்த குண்டுகளைப் பற்றி நாம் பேசுவது அரிது. இன்று அதனையே பேச விழைகின்றோம்.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே கிறிஸ்மஸ் தீவு உள்ளது. இன்று அது கிரிபாஸ் குடியரசுக்கு உரியது. அன்று பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. 1957, 1958 ஆம் ஆண்டுகளில் அங்கும், தெற்கேயுள்ள மோல்டன் தீவிலும் பிரித்தானியா தன் ஐதரசன் குண்டுச் சோதனைகளை நடத்திற்று. 1958 ஏப்ரல் 28 ஆம் திகதி வெடித்த குண்டு, ஹிரோஷிமாக் குண்டைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு வலுவுடையது.

வீரர்களுக்கு இடப்பட்ட கட்டளை யாது? வெடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி அமருங்கள். கண்ணை மூடி, உள்ளங்கையாற் பொத்துங்கள். அவ்வளவே! மூடிய இமைகளுக்கூடாகத் தம் கையெலும்புகளைக் கண்டதாகப் பலர் பின்னாளிற் கூறினர். கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞரும், பிஜித் தீவினர் ஏறத்தாழ 300 பேரும், நியூஸிலாந்துக் கடற்படையினரும் அச்சோதனைகளில் ஈடுபடுத்தப்பட்டனர். தென்னந்தோட்டங்களிற் கூலிக்கு உழைத்த கில்பேட் தீவு மக்களும் கிறிஸ்மஸ் தீவில் வாழ்ந்தனர்.

ஆண்டுகள் கழிந்தன. புற்றுநோய் கண்டவர்கள் நீதி கேட்டனர். “அத்தாட்சி எங்கே?” என்றது அரசாங்கம். கதிரியக்கத்தை அளக்கும் பட்டை எல்லாருக்கும் வழங்கப்படவில்லை. இருந்த பதிவேடுகளோ அரசாங்கத்தின் பெட்டகத்தில்! கமக்காரர்களே, குளத்துக் கதவைத் திறந்தவனிடமே நீரளவுப் புத்தகமும் இருக்க, பயிர் அழிந்தவனைப் பார்த்து, “உன் வயலில் எத்தனை அங்குலம் நீர் நின்றது, நிரூபி” என்றால் அதை நியாயம் என்பீர்களா?

1,000 பேருக்கு மேற்பட்ட வீரர் தொடுத்த வழக்கில், 2012 ஆம் ஆண்டு, முன்னோடியாக எடுக்கப்பட்ட 9 பேரின் கோரிக்கையைப் பிரித்தானிய உயர் நீதிமன்றம் நிராகரித்தது. நீதியரசர் நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம். நோயின் காரணத்தை நீங்கள் எப்போதோ உணர்ந்துவிட்டீர்கள், ஆகவே காலங்கடந்துவிட்டது என்றனர் நால்வரும். அதே வேளையில், அக்காரணத்தை நிரூபிக்க உங்களால் இயலாது என்றும் கூறப்பட்டது. சட்டம் அறிந்த நம் நண்பர்கள் இதை விளக்கினால் நன்று!

உண்மையை ஒளிக்க வேண்டியதில்லை. வீரரின் மரண வீதம் மொத்தத்தில் ஏனைய படையினரைவிட உயரவில்லை என்றே பிரித்தானிய அரசாங்கத்துக்காகச் செய்த ஆய்வுகள் கூறின. ஆனால் நியூஸிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தார் 50 வீரரின் இரத்தத்தை, சோதனைக்குச் செல்லாத 50 பேரின் இரத்தத்துடன் ஒப்பிட்டு, நிறமூர்த்தச் சிதைவு வீரரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டனர். ஐயம் இருக்குமாயின், அதன் பயன் யாரைச் சேர வேண்டும்?

அமெரிக்கா 1990 ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. குறித்த இடத்தில், குறித்த காலத்தில் இருந்தவனுக்குக் குறித்த நோய் வந்தாற் போதும், நட்டஈடு உண்டு. காரணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. (67 குண்டுகளைத் தாங்கிய மார்ஷல் தீவு மக்களை அச்சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.) பிரித்தானியாவோ 2022 இல் ஒரு பதக்கத்தை அறிவித்தது. சின்னஞ்சிறு பிஜி, பிரித்தானியாவுக்காகக் காத்திருக்க முடியாதென்று, 2015 இல் எஞ்சியிருந்த தன் வீரர் 24 பேருக்கும் தலைக்கு 9,855 பிஜி டொலரைத் தன் திறைசேரியிலிருந்தே கொடுத்தது.

அணுவாயுதத் தடை ஒப்பந்தம் 2021 இல் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டோருக்கு உதவுமாறு அதன் 6 ஆம் உறுப்புரை விதிக்கின்றது. குண்டு வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் ஒப்பமிடவில்லை. இலங்கை 2023 இல் இணைந்தது. ஆகவே நமக்கு அங்கே ஓர் ஆசனம் உண்டு. உதவி நிதியைப் பற்றிப் பேசும்போது, இடம், காலம், நோய் ஆகிய மூன்றும் பொருந்தினால் வேறு அத்தாட்சி கேட்கலாகாது என்ற விதியை நம் நாட்டுப் பிரதிநிதிகள் அங்கே முன்மொழிய வேண்டுமெனக் கேட்கின்றோம்.