பழைய நாற்காலிக்குப் புது வாழ்வு

இருக்கை கிழிந்ததும் தேக்கு நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறோம். கிழிந்தது துணியும் பஞ்சும்தான். நாற்காலியின் உயிர் அதன் சட்டத்தில் இருக்கிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது. மூட்டு ஆடினால், பிரித்துப் பசை வைத்து இறுக்கினால் போதும். "ஆகிற கூலிக்குப் புதிதே வாங்கலாமே" என்பீர்கள். வாங்கலாம், ஆனால் அந்த விலைக்குப் பெரும்பாலும் கிடைப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஈரம் பட்டால் உப்பிவிடும்.

பெயிண்ட் அடிக்குமுன் ஓர் எச்சரிக்கை. வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கலாம்; அதை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். சட்டம் உளுத்திருந்தால் விட்டுவிடுங்கள். உறுதியாக இருந்தால் இன்றே தச்சரைக் கூப்பிடுங்கள்.