முதல் துப்பாக்கி வாங்குமுன்



தஞ்சோங் காராங் வட்டாரத்தில் துப்பாக்கிப் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் காட்டுப்பன்றிதான். வயலையும் செம்பனையையும் தாண்டினால் ராஜா மூசா சதுப்புக் காடு. இருட்டியதும் பன்றிகள் அங்கிருந்து கூட்டமாக இறங்கும். புதிதாக நட்ட செம்பனைக் கன்றை மூக்கால் கிளறிச் சாய்த்து, உள்ளே இருக்கும் இளங்குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்ட அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை வந்த நாளிலிருந்து பன்றியும் கூடவே இருக்கிறது.

நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் அப்பா, பன்றிக்காக ஒரு துப்பாக்கி வேண்டும் என்கிறார். தொலைக்காட்சியில் ஒலிம்பிக் பார்த்த மகனோ, பறக்கும் களிமண் தட்டைச் சுட்டுப் பழக வேண்டும் என்கிறான். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே வாங்கினால் போதாதா? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாயாவின் அவசரகாலம் முடிந்த 1960-ஆம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டம் வந்தது. போலீஸ் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதற்குச் சரியான காரணம் காட்ட வேண்டும். பன்றி சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் வேட்டை உரிமம் தனியாக வேண்டும். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் இருக்கிறது. யாரோ பட்டறையில் செய்து கொடுத்த கள்ளத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறதென்று கையை நீட்டிவிடாதீர்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதை வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. குழல் வெடித்தால் போவது உங்கள் விரல்கள்.

இனி அப்பாவும் மகனும் கேட்ட கேள்வி. தட்டுச் சுடுதலில் டிராப் என்றொரு பிரிவு. சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் எறிபொறிகள் இருக்கும். குரல் கொடுத்ததும் 11 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு மேல்நோக்கிச் சீறிப் பாயும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. தட்டு ஏறிக்கொண்டே போவதால், பார்வை படும் இடத்துக்குச் சற்று மேலே ரவை போகும்படிதான் டிராப் துப்பாக்கியைச் செய்கிறார்கள். அதே துப்பாக்கியோடு செம்பனைக் காட்டுக்குள் போய், தரையோடு ஓடும் பன்றியைச் சுட்டால் ரவை அதன் முதுகுக்கு மேலே போய்விடும். எடையிலும் வித்தியாசம் உண்டு. தட்டுக்கான துப்பாக்கி சுமார் மூன்றரைக் கிலோ இருக்கும். அந்தக் கனம் தோளில் விழும் உதையைக் குறைக்கும். நாள் முழுக்கச் சுடலாம். ஆனால் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கை ஓய்ந்துவிடும்.

தோட்டாவும் வேறு. போட்டித் தோட்டாவில் 24 கிராம் ஈயம், ஏறக்குறைய 300 பொடி ரவைகள். பன்றிக்கான தோட்டாவில் பெரிய உருண்டைகள் ஒன்பதுதான் இருக்கும். ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கு மேல். பொடி ரவையால் பன்றியைச் சுடுவது கொடுமை. அது சாகாது. காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து துடிக்கும், அல்லது தேடிப் போகிற ஆள்மீதே பாயும்.

அப்படியானால் ஒன்றை வைத்து இரண்டையும் சமாளிக்கவே முடியாதா? முடியும், ஆனால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். என் தேர்வு இது: 12 போர் குழல் அளவு, குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த செனாப்பாங் பாத்தா (மடக்குத் துப்பாக்கி), 28 அங்குலக் குழல், ரவைப் பரவலைக் கட்டுப்படுத்தும் வாய்ச்சுருக்கை மாற்றிக்கொள்ளும் வசதி, மூன்றே கால் கிலோவை ஒட்டிய எடை. டிராப் என்று முத்திரை குத்தியது வேண்டாம். பார்த்த இடத்திலேயே சுடும் வகையாகக் கேளுங்கள். பம்ப் துப்பாக்கியும் தானியங்கியும் கெட்டவை அல்ல. ஆனால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. செனாப்பாங் பாத்தாவை மடக்கித் தொங்கவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவரும் வெறுங்குழலைப் பார்க்கலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

கடைக்காரர் குழலைக் காட்டுவார், செதுக்கு வேலையைக் காட்டுவார், கம்பெனிப் பெயரைச் சொல்வார். நீங்கள் தோளில் வைக்கும் கட்டையைப் பாருங்கள். இத்தாலியத் துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் அடிவரை சுமார் 37 சென்டிமீட்டர் இருக்கும். அது உயரமான ஐரோப்பியருக்கான அளவு. ஐந்தடி நான்கு அங்குல ஆளுக்கு அது நீளம். தூக்கும்போதே அக்குளில் சிக்கும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆளில்லாத பக்கம் திரும்பி, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வையுங்கள். கன்னம் கட்டையில் படியட்டும். இப்போது கண்ணைத் திறந்தால் குழல் நுனியிலுள்ள மணி நேராகத் தெரிய வேண்டும். குழலின் பின்பகுதி கண்ணை மறைத்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. குழல் முழுக்க மேடு ஏறுவதுபோல் தெரிந்தால் உயரம். நீளத்தை ஆசாரி குறைத்துத் தருவார். சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான் இதற்கும் எடுக்க வேண்டும்.

கண்ணையும் சோதியுங்கள். இரண்டு கண்களையும் திறந்தபடி தூரத்து மரம் ஒன்றை விரலால் சுட்டுங்கள். பிறகு இடது கண்ணை மூடுங்கள். விரல் மரத்திலேயே நின்றால் உங்களுக்கு வலது கண் ஓங்கியது. விலகினால் இடது கண். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது கண் ஓங்கியிருந்தால் எவ்வளவு விலையுள்ள துப்பாக்கியும் தவறான இடத்தில்தான் சுடும். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள்.

தோட்டா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 12 போரைவிடச் சிறிய 20 போர் தோட்டாவைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். காரணம் இருக்கிறது. 12 போர் துப்பாக்கியில் தவறி அதைப் போட்டால் உள்ளே வழுக்கிப் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். வெளியே தெரியாது. மேலே 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். ஆகவே ஒரு வீட்டில் இரண்டு போர் தோட்டாக்களை ஒன்றாக வைக்காதீர்கள். வரப்பில் கால் வழுக்கிக் குழல் வாய் சேற்றில் பட்டாலும் இதே ஆபத்துதான்; மடக்கி, தோட்டாவை எடுத்து, குழல் வழியாக வானத்தைப் பார்த்த பிறகுதான் மறுபடி போட வேண்டும்.

துப்பாக்கி கையில் இருக்கிறதென்று வயல் பறவைகளில் குறி பழகாதீர்கள். நம் கடலோரச் சேற்றுக்கு ஆண்டுதோறும் சைபீரியா பக்கமிருந்து பறவைகள் வருகின்றன. வாய்க்காலில் விழும் ஈய ரவையைக் கல் என்று நினைத்து வாத்து விழுங்கினால் அது நஞ்சேறிச் சாகும். அதனால்தான் அமெரிக்கா 1991-லேயே நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை போட்டது. இன்னொன்று, நம் வயல்களைச் சுற்றி, பன்றியை விலக்கும் மலாய்க்கார அண்டை வீட்டார் இருக்கிறார்கள். சுட்ட பன்றியை வாய்க்கால் கரையில் போட்டுவிட்டு வருவது பெரிய தவறு. அந்தத் தண்ணீர் எல்லாருடைய வயலுக்கும் போகிறது.

மகனுக்கு ஒரு வார்த்தை. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான், 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் டிராப் குழுப் போட்டியில் இந்தியாவுக்காகத் தங்கம் வென்றார். குழுவில் இருந்த மூவரும் சேர்ந்து 375 தட்டுகளில் 361-ஐ உடைத்தார்கள். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். அந்த நிலைக்குப் போக வேண்டுமானால், வாங்குவதற்கு முன்னால் பழகு. நமக்கு எட்டும் தூரத்தில் சுபாங்கில் சுடுதளம் இருக்கிறது. கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் மேற்பார்வையில் அங்குள்ள துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு மாட்டிக்கொள். எது உனக்குப் பொருந்துகிறது என்று உன் தோளே சொல்லும்.

அப்பாவுக்கும் ஒன்று. பன்றிதான் பிரச்சினை என்றால், துப்பாக்கிக்கு முன் கன்றுகளைச் சுற்றி வேலி போடுங்கள். பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நாலு ஏக்கருக்கு அதுவே போதும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் மட்டும் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். கையில் வந்த நாளிலிருந்து துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலும் வையுங்கள். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது.